மே மாதப் பனி யார் கணக்கில்

— சுத்தி வளைக்காத, ரக்கிய்யா. ஆமாவா, இல்லையா? மே மாசம் மேல கொட்டுச்சே அந்தப் பனி, அது நீங்கள்லாம் ரேடியோவில சொல்றீங்களே, உலகம் சூடாகுதுன்னு, அதனால வந்ததா இல்லையா?

— இத்தோ அக்கா, அதை ஒரு வார்த்தையில சொல்ல முடியாது. அதாவது...

— அந்த ‘அதாவது’ எனக்கு வேண்டாம். வந்து உக்காந்ததுல இருந்து அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்க.

— மூச்சு வாங்கிக்கிறேன், அக்கா. மர்ராகேஷ்ல விடியறதுக்கு முன்னாடி வண்டி ஏறினவ. கடைசி மேட்டுக்கு நீங்க அனுப்பின கோவேறு கழுதை என் இடுப்பை ரெண்டாக்கிடுச்சு.

— அது என் வீட்டுக்காரர் வளர்த்த கழுதை. அவரை மாதிரியே, யாரு சொன்னாலும் ஓரமா நடக்காது. டீயைக் குடி. ரொட்டியைப் பிட்டுக்கோ, வெண்ணெய் நேத்து கடைஞ்சது. அது சரி, சர்க்கரைக் கூம்பு எதுக்கு ரெண்டு? துக்கம் விசாரிக்க ஒண்ணு போதுமே.

— ஒண்ணு துக்கத்துக்கு. இன்னொண்ணு நான் லேட்டா வந்ததுக்கு.

— கேட்டுக்கோ, நீ ஒண்ணும் லேட்டா வரல. புருசனுக்காகக் கட்டுன வெள்ளைத் துணியைப் போன வாரந்தான் கழட்டுனேன். அதுக்குள்ள எங்க போயிரும் துக்கம்? இங்கதான் இருக்கு.

— உங்க வீட்டுக்காரர் பாஸ்ஸூ அண்ணனை நான் ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன். எங்க பக்கத்துச் சந்தையில. பெருநாளைக்கு ஆடு வாங்க வந்த எங்கப்பாகிட்ட ஒரு கிடாய்க்கு விலை பேசினாரு. பேசிப் பேசிக் கடைசியில கிடாயை விட்டுட்டு எங்கப்பாவைச் சாப்பிடக் கூட்டிட்டுப் போயிட்டாரு.

— அவர்தான். சந்தேகமே இல்ல, அவர்தான்.

— அழணும்னா அழுங்க, அக்கா. நான் வேணா வெளிய போய் நிக்கிறேன்.

— உக்காரு. உனக்குப் போன் போட்டது யாரு?

— உங்க கொழுந்தன் மோஹா. அப்புறம் பள்ளிவாசல் இமாமும் பேசினாரு. இன்னிக்குச் சபை கூடுது, நீ வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போம்மான்னாங்க. இது மனுசன் கையில இல்லாத பனி, எங்கயோ ஓடுற மோட்டாரும் ஃபேக்டரியும் கொண்டு வந்த பனின்னு படிச்சவ ஒருத்தி சொல்லிட்டா, அண்ணன் செத்ததுக்கு உங்க ஊர் ஹம்மூ மேல இருக்கிற பழி இறங்கிடும். இல்லேன்னா ரெண்டு வம்சத்துக்கும் பகை வந்து, பேரன் காலத்துக்கும் தீராதுன்னாங்க.

— எழுதிக் குடுத்த மாதிரி சொல்ற.

— வழியெல்லாம் அதைத்தான் மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே வந்தேன்.

— சபையை விடு. முதல்ல எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் கழுதையை மோஹா வீட்டுக்குப் போகவிடாம நேரா இங்க ஓட்டியாரச் சொன்னேன். மேல என்ன நடந்துச்சுன்னு உனக்கு எவ்வளவு தெரியும்?

— எனக்குத் தெரிஞ்சதெல்லாம் வானிலை ஆபீஸ் கம்ப்யூட்டர்ல பாத்த படம்தான். வடக்க இருந்து குளிர்க்காத்து ஒரு நாக்கு மாதிரி நீண்டு வந்து மலைமேல படுத்துச்சு. ரெண்டு நாள் படுத்திருந்துச்சு. அப்புறம் வெயில் வந்திடுச்சு. அவ்வளவுதான்.

— அவ்வளவுதான்.

— மன்னிச்சுக்கோங்க.

— மன்னிக்க என்ன இருக்கு? நீ பாத்தது காத்தை. நான் காத்துக்குக் கீழ இருந்ததைச் சொல்றேன், கேட்டுக்கோ. உங்க பள்ளத்தாக்குல ஆடு கிடையாது, இல்ல?

— வாதுமைத் தோட்டம்தான், அக்கா. ஆடுன்னா பெருநாளைக்கு ஒண்ணு.

— அப்ப இதை முதல்ல தெரிஞ்சுக்கோ. மேல இருக்கே, அந்தப் பெரிய புல்வெளி, அது யாரோட சொத்தும் இல்ல. ஊருக்கே பொது. பனி உருகி, புல்லு வேர் பிடிச்சு, பூ விட்டு, விதை கட்டுற வரைக்கும் ஒரு ஆடு அதுல கால் வைக்கக் கூடாது. எப்ப ஏறலாம்னு நாள் சொல்றதுக்கு வருஷத்துக்கு ஒரு வம்சத்துல இருந்து ஒரு ஆளைச் சபை எடுக்கும். புல்லுக்குத் தலைவர்னு பேரு. சம்பளமும் கிடையாது, மரியாதையும் பெருசா கிடையாது. ஆனா அந்த ஆள் நாள் சொல்லாம ஒருத்தனும் ஏற மாட்டான். இந்த வருஷம் ஹம்மூ.

— நல்ல மனுசன்னு கேள்விப்பட்டேன்.

— நல்லவனோ கெட்டவனோ, நிதானமான ஆளு. கல்யாணத்துக்கே அவன் மாமனார் மூணு தடவை ஆள் விட வேண்டியிருந்துச்சு. அதனாலதான் சபை அவனை எடுத்துச்சு. வாரா வாரம் மேல ஏறிப் போவான். ஒரு கொத்துப் புல்லைப் பிடுங்கி வேரைப் பாப்பான், இறங்கி வந்து ‘இன்னும் இல்ல’ம்பான். அவ்வளவுதான் பேச்சு. ஆனா இந்த வருஷம் அவன் ‘இன்னும் இல்ல’ன்னு சொல்லச் சொல்ல ஊரு கொதிச்சுருச்சு. ஆறு வருஷமா மழை இல்ல. பனிக்காலத்துக்குப் பார்லி இல்ல. பாதி மந்தையை வித்துத்தான் மீதிக்குத் தீனி போட்டோம். குட்டி போட்ட ஆட்டுக்கு மடியில பால் இல்ல. அந்த நேரம் பாத்து, மார்ச் மாசக் கடைசியிலயே மேல பச்சை கட்டிருச்சு. இங்க முற்றத்துல நின்னு தலையைத் தூக்குனாலே தெரியும். கண்ணுக்கு முன்னாடி புல்லு, பட்டிக்குள்ள பசி. ஆடுகளுக்கும் தெரிஞ்சுது. அந்தப் பக்கம் பாத்துத்தான் நின்னு கத்தும்.

— அப்பத்தான் நான் ரேடியோவில பேசினேன்.

— அப்பத்தான் நீ பேசுன. நம்ம பாஷையில ஒரு பொண்ணு, அதுவும் பக்கத்துப் பள்ளத்தாக்குப் பொண்ணு. ஊரே ரேடியோவைச் சுத்தி உக்காந்துச்சு. வசந்தம் இப்பல்லாம் முந்தி வருது, நம்ம அப்பன் பாட்டன் வச்ச நாளெல்லாம் இனிமே பொருந்தாதுன்ன.

— குளிர் இன்னும் வரும், ஏமாந்துடாதீங்கன்னும் சொன்னேன், அக்கா. அதுவும் சேத்துத்தான் சொன்னேன்.

— சொன்ன. நான் மாவு பிசைஞ்சுக்கிட்டே கேட்டேன். ஆனா பட்டியில ஆடு பசியில கத்துறப்ப பேச்சோட பின்பாதி யாரு காதுலயும் ஏறாது. மறு வெள்ளிக்கிழமை சபையில ஹம்மூவைப் பிடிச்சுக்கிட்டாங்க. முதல்ல எந்திரிச்சது யாருன்னு நினைக்கிற?

— மோஹாவா?

— என் வீட்டுக்காரர். பாஸ்ஸூவேதான். படிச்ச பொண்ணே சொல்லிட்டா, நீ இன்னும் உங்கப்பன் காலத்துப் புல்லைப் பிடுங்கிப் பாத்துக்கிட்டு இருக்கியான்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சாங்களாம். ஹம்மூ கைத்தடியைத் தரையில ஊன்றி, சரி, ஏறுங்கன்னானாம். வழக்கமான நாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடி. அவனைத் தோள்ல தூக்காத குறை. எங்க வீட்டுலதான் அன்னிக்கு அவனுக்குச் சாப்பாடு. இவரே கோழி அறுத்தாரு.

— இதை யாரும் எனக்குச் சொல்லல.

— யாரு சொல்லுவா? செத்தவரைப் பத்திச் சொல்ல மாட்டாங்க. இருக்கிறவனைப் பத்தித்தான் சொல்லுவாங்க.

— அப்புறம் எல்லாரும் ஏறிட்டாங்க.

— ஏறிட்டாங்க. நான் கீழ இருந்தேன், பசு கன்னு போடுற நேரம். மேல இருந்து வந்தவங்க எல்லாம் சிரிச்ச முகமாத்தான் வந்தாங்க. ஆடு வயிறு பொடைச்சு நிக்குது, பால் இறங்கிருச்சு, பகல்ல கூடாரத்துக்குள்ள உக்கார முடியல, அப்படி வெயில்னாங்க. வெயில் தாங்காம ஆடுக வாயைத் திறந்து மூச்சு வாங்குச்சாம். அதைப் பாத்துட்டு கம்பளி மயிரைக் கத்தரிச்சுட்டாங்க. ஜூன்ல செய்யுற வேலை. மே மாசம் பிறந்ததும் செஞ்சாங்க. என் வீட்டுக்காரர் மொத்த மந்தையையும் கத்தரிச்சுட்டாரு. ஹம்மூ மட்டும் கத்தரிக்கல.

— ஏன்?

— இன்னும் இல்லன்னானாம். அவன் வாயில வேற என்ன வரும்? ஆனா பாரு, அதுதான் இப்ப அவன் கழுத்துக்குச் சுருக்கு. ஊர்ல செத்ததெல்லாம் கத்தரிச்ச ஆடு. அவன் மந்தை முக்காவாசி பொழைச்சுருச்சு. தெரிஞ்சேதான் திறந்து விட்டான்னு எங்க வம்சத்துப் பசங்க பேசுறாங்க. பனி வரும்னு தெரிஞ்சு தன் ஆட்டை மட்டும் காப்பாத்திக்கிட்டானாம்.

— அது எப்படித் தெரியும், அக்கா? எங்களுக்கே முந்தின நாள்தான் தெரிஞ்சுது. அதுவும் மழைன்னுதான் நினைச்சோம்.

— எனக்குத் தெரியும், தெரிஞ்சு செய்யலன்னு. பசங்களுக்குத் தெரிய வேண்டாம்னு இருக்கு. செத்தது எங்க ஆளு. அதுக்கு ஒரு மூஞ்சி வேணும் அவங்களுக்கு. காத்துக்கு மூஞ்சி கிடையாதே.

— அந்த நாள்... நீங்க சொல்ல வேண்டாம்னா வேண்டாம்.

— சொல்றேன். மத்தியானம் வரைக்கும் வெறும் சட்டையோட திரிஞ்சாங்களாம். அப்புறம் காத்து திரும்புச்சு. முதல்ல மழை. மழை கல்லு மாதிரி விழுந்துச்சு. கொஞ்ச நேரத்துல சத்தமே இல்லாமப் போச்சாம். சத்தம் இல்லாமப் போனதும் ஹம்மூ கூடாரத்தை விட்டு வெளிய வந்து பாத்தா எல்லாம் வெள்ளை. கத்தரிச்ச ஆடு குளிர்ல நிக்காது, ரக்கிய்யா. காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம் முதுகைக் குடுத்து நடக்க ஆரம்பிச்சுரும். எங்க மந்தை சரிவுப் பக்கம் நடந்துச்சு. இவர் பின்னாடி ஓடுனாரு. ஹம்மூ குறுக்க வந்து, போகாத, ஆடு போனாப் போகட்டும்னு இவர் போர்வையைப் பிடிச்சு இழுத்தான். போர்வை அவன் கையோட வந்துருச்சு. மனுசன் போயிட்டாரு.

— யா அல்லா.

— அந்தப் போர்வை நான் நெய்தது. ரெட்டை நூல்ல நெய்தது. அது இருந்திருந்தா ஒருவேளை... ஒருவேளை. இதை வேற யாரும் பாக்கல, கேட்டுக்கோ. பனியில பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. ஹம்மூவே வந்து சொன்னான் எனக்கு. சொல்லாம விட்டிருக்கலாம். போர்வையை மேல எங்கயாவது போட்டுட்டு வந்திருக்கலாம். மறுநாள் சாயங்காலம் வாசல்ல வந்து நிக்கிறான். முதுகுல இவர். கழுதை கால் வைக்க முடியாத பனியாம், அங்க இருந்து முதுகுலயே தூக்கியாந்திருக்கான். சரிவுக்குக் கீழ, பாறை ஓரமா உக்காந்திருந்தாராம். சுத்தி ஆடுக. சூட்டுக்காக ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இவர் மேல ஒண்டிக்கிட்டு, அப்படியே எல்லாம் ஒண்ணா. இறக்கி வச்சான். போர்வையை என் கையில குடுத்தான். நடந்ததை ஒண்ணு விடாமச் சொன்னான். சொல்லிட்டு, “நாள் சொன்னது நான்தான், இத்தோ”ன்னான். நின்னான்.

— நீங்க என்ன சொன்னீங்க?

— சாப்பிட்டியான்னு கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல. டீ ஆறிப் போச்சு. இரு, சூடு பண்ணித் தர்றேன்.

— வேண்டாம், அக்கா. உக்காருங்க. அதுக்கப்புறம் அவரு?

— அதுக்கப்புறம் ஊர் ரெண்டாச்சு. அவன் வயலுக்குத் தண்ணி முறை வர்றப்ப மடையை எவனோ அடைச்சு வச்சான். அவன் வீட்டு நாய் செத்துக் கிடந்துச்சு. அவன் பொண்டாட்டி ஊத்துக்கு வந்தா மத்தவளுக குடத்தை எடுத்துக்கிட்டு நகர்ந்து நின்னாளுக. அவன் ஒருத்தரையும் ஒண்ணும் கேக்கல. பொழைச்ச ஆட்டுல பாதியைக் கொண்டாந்து என் பட்டியில விட்டுட்டுப் போனான். நான் திருப்பி ஓட்டிவிட்டேன். மறுநாள் மறுபடியும் விட்டான். நானும் மறுபடி ஓட்டுனேன். இப்ப ஆடுகளே வழி பழகிக்கிட்டு, காலையில இங்கயும் பொழுது சாய்ஞ்சா அங்கயும்னு தானாப் போயிட்டு வருது. அதுகளுக்கு ஏது பகை?

— அவருக்குத்தானே, அக்கா, நான் பேச வந்திருக்கேன். அவரை இதுல இருந்து எடுத்து விடத்தான்.

— அதுக்குத்தான் அவன் பயப்படுறான்.

— புரியல.

— போன மாசம் வந்தான். நான் வெள்ளைத் துணியில இருந்தேன், அந்நிய ஆம்பளை முன்னாடி வரக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் நின்னான், நான் இந்தப் பக்கம். மோஹா படிச்ச பொண்ணைக் கூப்பிடுறானாமே, உலகம் சூடானதால வந்த பனின்னு சொல்ல வைக்கப் போறானாமேன்னான். நல்லதுதானே, உனக்குத்தானேன்னு சொன்னேன். அதுக்கு அவன் சொன்னான்: “தடியை ஊன்றி நாளைச் சொன்னது உலகம் இல்ல, இத்தோ. நான். அதையும் என்கிட்ட இருந்து பிடுங்கிட்டா, பாஸ்ஸூவுக்கு நான் என்ன பதில் வச்சிருப்பேன்?”

— அவரு தண்டனை கேக்குறாரா?

— இந்தக் கணக்கு யாரு பேர்லயாவது நிக்கணும்னு கேக்குறான். நானும் அதைத்தான் கேக்குறேன். அதனால சபைக்கு என்ன சொல்லணும், மோஹாவுக்கு என்ன பிடிக்கும், ஹம்மூவுக்கு எது வலிக்கும், அதெல்லாம் வாசல்ல செருப்போட விட்டுட்டு எனக்குச் சொல்லு. உலகம் சூடாகுதுங்கறீங்க. சூடாகுதுன்னா பனி எங்க இருந்து வந்துச்சு?

— மலைமேல பனி வருஷா வருஷம் குறைஞ்சுட்டுத்தான் வருது, அக்கா. நீங்களே பாக்குறீங்க. குறையுது, ஆனா நின்னுடல. வடக்க இன்னும் குளிர் இருக்கு. அது வழி கிடைக்கிறப்ப இறங்கி வரும்.

— மே மாசத்துலயுமா?

— மே மாசத்துலயும். இதுக்கு முன்னாடி வந்ததே இல்லையா இங்க? பெரியவங்க யாரும் சொன்னதில்லையா?

— சொல்லியிருக்காங்க. என் மாமியார் பிறந்ததே மே மாசப் பனியிலதான். வாசல் மூடிக் கிடந்து, வெட்டி வழி பண்ணித்தான் மருத்துவச்சியை உள்ள கூட்டியாந்தாங்களாம். அதனால அவங்களுக்குக் குளிர்னாலே ஒரு இளக்காரம். ஜனவரியிலயும் வெறுங்காலோட நடப்பாங்க.

— அந்தப் பனியில ஆடு செத்துச்சா?

— இல்லையே. ஆடெல்லாம் கீழ பட்டியிலதான... கீழ பட்டியிலதான இருந்துச்சு.

— அதுதான், அக்கா. எனக்குத் தெரிஞ்ச பதில் அதுதான். பனி புதுசில்ல. அன்னிக்கு உங்க ஆடுக மேல இருந்ததுதான் புதுசு.

— நிறுத்தாத. சொல்லு.

— இந்த ஒரு பனி சூட்டால வந்ததான்னு என்னால சொல்ல முடியாது. உலகம் பழைய மாதிரியே இருந்திருந்தாலும் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். காத்தோட வழி கலைஞ்சு போச்சு, அதனால இப்படிக் குளிர் இறங்குறது கூடும்னு எங்கள்ல சிலர் சொல்றாங்க. சிலர் இல்லேங்கிறாங்க. நான் ரெண்டு பக்கமும் படிச்சிருக்கேன், எனக்கு இன்னும் தெரியல. ஆனா புல்லு மார்ச்சுலயே தலை நீட்டுச்சே, அது சூடு. இத்தனை வருஷமா மண்ணு காஞ்சு கிடக்கே, அதுல சூட்டோட கை இருக்கு. மே மாசத் தொடக்கத்துலயே ஆடு வெயில்ல மூச்சு வாங்கினதும் அப்படித்தான். இதையெல்லாம் நான் பயமில்லாமச் சொல்வேன். சூடு உங்களை முன்னாடியே மேல ஏத்திடுச்சு. ஆட்டு மேல இருந்த கம்பளியையும் உருவிடுச்சு. அப்புறம் பனி வந்துச்சு, எப்பவாவது வர்ற மாதிரி.

— அப்ப பாதி அது, பாதி நாங்க.

— பாதின்னு அளக்கவும் எனக்குத் தெரியாது.

— கேட்டுக்கோ, ரக்கிய்யா. நான் புதைச்சது பாதி ஆளை இல்ல. முழுசா ஒரு மனுசனைப் புதைச்சேன். நீ பாதிப் பதிலைக் கொண்டாந்து என் முன்னாடி வைக்கிற.

— என்கிட்ட இருக்கிறது இதுதான், அக்கா.

— ஆறு வருஷமா வானத்தைப் படிக்கிற. அரசாங்கம் உனக்குச் சோறு போடுது. ஊரு ரெண்டாப் பிளந்துச்சு, ஒருத்தன் உசிரில்லாத உடம்பு மாதிரி நடமாடுறான், எனக்குப் படுக்கையில ஒரு பக்கம் காலி. இவ்வளவுக்கும் சேத்து உன்கிட்ட இருக்கிறது ‘சொல்ல முடியாது’.

— ஆமா.

— ஹம்மூ செஞ்சது தப்பா?

— பசிச்ச ஆட்டையும் பச்சைப் புல்லையும் பாத்து நாள் சொன்னாரு. ஊரே கேட்டுச்சு. அதைத் தப்புன்னு என்னால சொல்ல முடியாது. அவரு கையே அதுல இல்லன்னும் சொல்ல முடியாது. அவருக்கே அது தெரியுது, அதனாலதான் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்னாரு.

— என் வீட்டுக்காரர் செஞ்சது?

— அதை என்கிட்ட கேக்காதீங்க.

— சரி. கேக்கல.

— அக்கா, ஒண்ணு சொல்றேன். கழுதை மேல வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன். சபையில ‘ஆமா’ன்னு சொல்லிடறேன். இது சூட்டால வந்த பனிதான், மனுசன் யாரும் பொறுப்பில்லன்னு. என் கூட வேலை பாக்குறவங்க கேட்டா வெக்கப்படுவாங்க. பரவாயில்ல. மடை திறந்தாப் போதும், அந்தப் பொம்பளை ஊத்துக்குப் போய்வந்தாப் போதும். ஹம்மூவுக்குப் பிடிக்காமப் போகலாம், ஆனா ஊர்ல இருப்பாரு. அவருக்காக இந்த ஒரு பொய்யை நான் சொல்றேன்.

— உனக்கு அவனைத் தெரியுமா?

— தெரியாது.

— தெரியாத மனுசனுக்காகப் பொய் சொல்லுவ.

— சொல்லுவேன்.

— நல்ல வயித்துலதான் பிறந்திருக்க. ஆனா வேண்டாம். பொய்யெல்லாம் வேண்டி இருந்தா நான் மோஹாவையே கேட்டிருப்பேன், அவன் உன்னை விட நல்லாச் சொல்லுவான்.

— அப்ப சபையில நான் என்ன சொல்லட்டும்? நேரம் ஆகுது. தொழுகை முடிஞ்சதும் கூடிடுவாங்க.

— கூட மாட்டாங்க. சபை நேத்தே கூடி முடிஞ்சுருச்சு.

— நேத்தா? மோஹா இன்னிக்குன்னு...

— நீ இன்னிக்கு வர்றன்னு தெரிஞ்சு, இது உன் வார்த்தையில தீரக் கூடாதுன்னு நான்தான் நேத்துக்கு மாத்தச் சொன்னேன். மோஹாவையும் உனக்குப் போன் போட விடல. துக்கப்பட்டவ கேட்டா மறுக்க மாட்டாங்க. ஹம்மூ நடுவுல வந்து நின்னான். ஊரை விட்டுப் போகச் சொன்னாப் போறேன்னான். எங்க பசங்க யாரும் வாயைத் திறக்கல. ஆள் தலையைக் குனிஞ்சு முன்னாடி நிக்கிறப்பத் திட்டுறது கஷ்டமாத்தான் இருக்கும் போல. இமாம் என் பக்கம் திரும்பி, நீ சொல்லும்மான்னாரு. நான் எந்திரிச்சு, போர்வை கையோட வந்ததைச் சொன்னேன். கோழி அறுத்துச் சோறு போட்டதையும் சொன்னேன். சபையில முதல்ல எந்திரிச்சது யாருங்கறதையும் மறைக்காமச் சொன்னேன். மோஹா முகத்தை மூடிக்கிட்டான். இனிமே ஹம்மூவோட மடையில எவனாவது கையை வச்சா, என் வாசலை மிதிக்க வேண்டாம்னுட்டு உக்காந்தேன்.

— அப்ப... முடிஞ்சு போச்சா? அவருக்கு ஒண்ணும் இல்லையா?

— வீட்டுக்குப் போனான். இன்னிக்குக் காலையில அவன் வயல்ல தண்ணி பாஞ்சுது. அவன் மனசுக்குள்ள பாஞ்சுதான்னு எனக்குத் தெரியாது.

— அல்லாவுக்கு நன்றி. ஆனா அக்கா, எனக்குக் கோவமா வருது. எல்லாம் நேத்தே முடிஞ்சுதுன்னா என்னை எதுக்கு இங்க உக்கார வச்சு ஆமாவா இல்லையான்னு பிழிஞ்சீங்க? பழி யாருக்குன்னு இனிமே எதுக்குத் தெரியணும்?

— நான் பழிக்குக் கேக்கல, ரக்கிய்யா. அடுத்த வருஷம் புல்லுக்குத் தலைமை எங்க வம்சத்துக்கு வருது. மோஹா பேரைச் சொன்னாங்க. எனக்குக் குடுங்கன்னு கேட்டேன். பொம்பளை கேட்டு யாரும் பாத்ததில்ல, எல்லாரும் தரையைப் பாத்தாங்க, முதல்ல கை தூக்குனது ஹம்மூதான். இனிமே தடி என் கையில. அடுத்த வசந்தத்துலயும் புல்லு முந்தி வரும், ஆடு கத்தும், ஊரே இந்த வாசல்ல வந்து நிக்கும். சொல்லு, நான் எந்த நாள்ல திறக்கட்டும்?